மடவை மீனை அறிய ஒரு வழிகாட்டி: மீன்கடையிலிருந்து கழிமுகம் வரை

கடலோர ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் தெரிந்துகொள்ளும் பெயர்கள் வஞ்சிரம், வவ்வால், சங்கரா. மடவை அதற்கப்புறம்தான் காதில் விழும். அதுவும் "சேத்து வாடை அடிக்கும், பாத்து வாங்குங்க" என்ற எச்சரிக்கையோடு. ஆனால் படகும் கருவியும் இல்லாமல், கரையில் நின்றபடியே ஒரு கடல்மீனின் அன்றாடத்தைப் பார்க்க ஆசைப்படுபவருக்கு நம் கடற்கரையில் இதைவிடத் தோதான மீன் கிடையாது. முழங்கால் ஆழத் தண்ணீரில், பட்டப்பகலில், கூட்டமாக மேயும். துள்ளிக் குதித்து இருக்குமிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும்.

ஒரே ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்: மடவை சேற்றை மேய்ந்து வாழும் மீன். அதன் வாய் ஏன் அப்படி இருக்கிறது, அது எங்கே நிற்கும், தூண்டிலை ஏன் மதிக்காது, குழம்பில் ஏன் சில நாள் மணக்கும், சில நாள் நாறும் என்பதற்கெல்லாம் விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் மீன்கடைக்குப் போங்கள்

தண்ணீரில் தேடுவதற்கு முன் கையில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பழவேற்காடு, காசிமேடு, கடலூர், பரங்கிப்பேட்டை, தூத்துக்குடி என்று எந்தக் கடலோரச் சந்தையிலும் மடவை வரும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீனும் கழிமீனும்தான் கூடையின் முன்வரிசைக்கு வரும். பழகிக்கொள்ள நல்ல சமயம். விலைதான் கொஞ்சம் ஏறியிருக்கும்.

கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் விற்கும் அக்காமார் எடுத்துக் காட்டுவார்கள். அரைக் கிலோவுக்குக் குறையாத ஒரு மீனைக் கையில் வாங்கி மேலிருந்து பாருங்கள். தலை தட்டையாக, அகலமாக இருக்கும். உடல் உருண்டு நீண்டது. முதுகு ஈயச்சாம்பல், விலா வெள்ளி, வயிறு வெளுப்பு. பெரிய மீனில் விலா நெடுக ஆறேழு மங்கலான கோடுகள் ஓடும்.

அடுத்து முதுகுத் துடுப்பு. மடவைக்கு அது இரண்டு. முன்னது சிறியது, நான்கே முட்கள். நல்ல இடைவெளி விட்டுப் பின்னது, மென்மையானது. முன் துடுப்பை விரலால் நிமிர்த்தி முட்களை எண்ணிப் பாருங்கள். நான்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கு விலாவையும் தலை உச்சியையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான மீன்களுக்குச் செவுளிலிருந்து வால்வரை பக்கவாட்டில் ஒரு கோடு தெரியும். தண்ணீரின் அதிர்வை உணரும் உறுப்பு அது. மடவைக்கு அந்தக் கோடு கிடையாது. தலை உச்சியைத் தடவினால் மூக்குப்பக்கம் வரை செதில் படர்ந்திருக்கும். புல்கெண்டையை மடவை என்று தள்ளிவிடப் பார்ப்பவர்கள் நகரத்துக் கடைகளில் உண்டு. நிறமும் உருவமும் ஓரளவு ஏமாற்றும். கெண்டைக்குத் தலையில் செதிலே இருக்காது, முதுகுத் துடுப்பு ஒன்றுதான், பக்கக்கோடு பளிச்சென்று தெரியும். மூன்றில் ஒன்றைப் பார்த்தாலே போதும்.

கண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மடவையின் கண்மேல் இருபுறமிருந்தும் கெட்டியான, கண்ணாடி போன்ற ஒரு கொழுப்புச் சவ்வு மூடியிருக்கும். நடுவில் நெட்டுவாக்கில் ஒரு பிளவு மட்டும் திறந்திருக்கும். அழகான அடையாளம்தான். ஆனால் பால்மீனுக்கும் கண்மேல் இப்படி ஒரு சவ்வு உண்டு. பால்மீனுக்கு முதுகுத் துடுப்பு ஒன்று, வால் ஆழமாகப் பிளந்த பெரிய வால். கிழங்கானுக்கு இரண்டு முதுகுத் துடுப்பு இருந்தாலும் முன்னதில் பத்துக்கு மேல் முள் இருக்கும். மூக்கு கூர்ந்து நீண்டிருக்கும்.

கடைசியாக வாய். நேர் எதிரே வைத்துப் பார்த்தால் கூரைமுகடு மாதிரி நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்த சிறிய வாய். உதடு மெல்லியது. விரலை உள்ளே விட்டால் பல் தட்டுப்படாது. வேட்டையாடும் மீனின் வாய் அல்ல இது என்பது தொட்டவுடன் புரியும்.

இணையத்தில் தேடிப் படம் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செந்நிறத்தில், தாடையின் கீழ் இரண்டு மீசைகளோடு ஒரு மீன் படத்தில் வந்தால் அது நவரை. குடும்பமே வேறு.

எல்லா மடவையும் ஒன்றல்ல

உலகத்தில் மடவைக் குடும்பத்து மீன்கள் எழுபதுக்கு மேல் உண்டு. சந்தையில் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே பெயர்தான். இந்தக் கட்டுரை பெரும்பாலும் பேசுவது அவற்றில் பெரிதாக வளரும் சாம்பல் மடவையைப் பற்றி. 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயர் முஜில் செஃபாலஸ். வெப்பக் கடல், மிதவெப்பக் கடல் எங்கும் இருக்கும் மீன். ஒரே இனம் என்று நம்பிவந்த இது, பார்க்க ஒன்றுபோல் இருக்கும் பல இனங்களின் தொகுப்பு என்று மரபணு ஆய்வுகள் இப்போது சொல்கின்றன. ஒரு மீட்டர் வரை வளர்ந்த பதிவு உண்டு. நம் கூடைகளில் வருவது முழ நீளத்துக்கு உட்பட்டதுதான்.

தொடக்கத்தில் நான்கைந்தைப் பிரித்தறிந்தால் போதும். கண்மேல் கெட்டிச் சவ்வும் அகன்ற தட்டைத் தலையும் இருந்தால் சாம்பல் மடவை. சவ்வு ஓரத்தில் மட்டும் மெல்லிசாக இருந்து, செதில் பெரிதாக இருந்தால் பெருஞ்செதில் மடவை. செவுள் மூடியில் பொன் பொட்டு இருந்தால் பொற்பொட்டு மடவை. இது சிறிய இனம், வளைகுடாக்களிலும் கழிகளிலும் கூட்டமாகக் கிடைக்கும். மார்புத் துடுப்பு மஞ்சளாகி அதன் அடியில் நீலப்பொட்டு இருந்தால் நீலப்பொட்டு மடவை. மார்புத் துடுப்பு கருகருவென்றும் வால் நறுக்கிவிட்டாற்போல் நேராக மஞ்சளாகவும் இருந்தால் சதுரவால் மடவை. இந்தப் பெயர்களை மீனவர்களிடம் போய்ச் சொல்லாதீர்கள். ஊருக்கு ஊர் அவர்களிடம் வேறு பெயர் இருக்கும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வயிற்றைத் திறந்து பாருங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். மீனைச் சுத்தம் செய்யாமல் முழுதாக வாங்கி வந்து, வீட்டில் பழைய செய்தித்தாளை விரித்து நீங்களே வயிற்றைக் கீறிப் பாருங்கள்.

முதலில் கண்ணில் படுவது கறுப்பு. வயிற்றின் உட்சுவர் முழுக்க மெல்லிய கரிய தோல் ஒட்டியிருக்கும். மீன் கெட்டுவிட்டது என்று சிலர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது இயல்பான நிறம். அதற்குள் சுருண்டு சுருண்டு கிடக்கும் குடலை நிதானமாகப் பிரித்து நீட்டுங்கள். மீனின் நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் போகும். கொடுவாய்க்கு இப்படி இருக்காது. மீன் தின்னும் மீனுக்குக் குடல் குட்டை. தாவரத் துணுக்கும் மட்கும் தின்பதற்குத்தான் இத்தனை நீளம் வேண்டியிருக்கிறது.

குடலின் தொடக்கத்தில் ஒரு கெட்டியான உருண்டை விரலில் தட்டுப்படும். கோழிக்கு இருப்பதுபோன்ற அரைவைப்பை. சுவர் அவ்வளவு தடிப்பு, உள்ளே வழி அவ்வளவு குறுகல். கத்தியால் இரண்டாகப் பிளந்து, உள்ளிருப்பதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணல். அந்த மணல் தவறிப்போய் உள்ளே வந்ததல்ல. சேற்றின் மேல் படிந்திருக்கும் நுண்பாசியையும் அழுகிய இலைத்துகளையும் மணலோடு சேர்த்து விழுங்கி, அந்த மணலையே அம்மிக்குழவியாக்கி அரைக்கிறது. அந்த நுண்பாசிகளில் பலவற்றுக்குச் சிலிக்கா ஓடு இருக்கும். மணல் இல்லாமல் அது உடையாது. தேவைக்கு மேற்பட்ட மண்ணைத் தொண்டையிலேயே வடித்து, வாய்வழியும் செவுள்வழியும் துப்பிவிடும்.

பிறந்ததிலிருந்தே இப்படியில்லை. குஞ்சாகக் கடலில் மிதக்கும்போது மிதவை உயிரிகளைத் தின்னும். ஓர் அங்குல நீளம் வந்து கழிக்குள் நுழையும் காலத்தில்தான் தரைமேய்ச்சலுக்கு மாறுகிறது.

இடம் தேர்வு செய்தல்

நுண்பாசி வளர வெயில் படும் ஆழம் வேண்டும். படிந்து தங்க அமைதியான நீர் வேண்டும். ஆகவே அலையடிக்கும் திறந்த கடற்கரையில் நின்று மடவையைத் தேடாதீர்கள். ஆறு கடலில் சேரும் முகத்துவாரம், உப்பங்கழி, காயல், அலையாத்திக் காட்டின் ஓடைகள், துறைமுகச் சுவரின் பாசி படிந்த அடிப்பக்கம் ஆகியவைதான் அதன் வீடு.

சென்னைக்காரர்களுக்குப் பழவேற்காடும் முட்டுக்காடும் கைக்கெட்டும் தூரம். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வுப்பண்ணையே இருக்கிறது. மடவையைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யவைக்கும் வேலை அங்கே நடந்திருக்கிறது. தெற்கே போனால் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரம், அதையடுத்துப் பிச்சாவரம், இன்னும் கீழே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, புன்னைக்காயலில் தாமிரபரணி. பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் போகும்போது ஓடைகளின் ஓரத்தில் வேர்களுக்கிடையே பாருங்கள். சத்தமில்லாமல் போனால் கட்டாயம் தென்படும். இலங்கையில் யாழ்ப்பாணக் கடனீரேரியும் மட்டக்களப்பு வாவியும் இதே மாதிரி இடங்கள்.

உப்பு இவ்வளவுதான் இருக்கவேண்டும் என்ற கணக்கே மடவைக்கு இல்லை. மழைக்காலத்து நன்னீரிலும் இருக்கும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, உள்ளே நீர் வற்றி, கடலைவிட இரண்டு மடங்கு உப்பேறினாலும் தாங்கும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. 75 கிராம் வரை உள்ள நீரிலும் இது பிழைத்துக் கிடந்திருக்கிறது. அதனால்தான் வேறெந்த மீனும் இல்லாத கோடைக் குட்டையில் மடவை மட்டும் துள்ளும்.

பழவேற்காட்டில் புதிதாக வருபவர் அறிந்திருக்கவேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. அங்கே ஏரியின் சில பகுதிகளில் 'பாடு' முறை நடப்பில் இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதை ஊர்க்காரர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். வெளியாளுக்குக் காலியான தண்ணீராகத் தெரியும் இடம் அன்றைக்கு யாரோ ஒருவருடைய முறையாக இருக்கும். தூண்டிலை விரிக்குமுன் கரையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பறவைகள் சரணாலயப் பகுதிக்குள் போக வனத்துறையின் அனுமதியும் தேவை.

நேரம்

ஓதம் பார்க்காமல் போனால் வெறுந்தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள். ஓதம் என்பது கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும். ஏற்றமும் வற்றமும் ஒரு நாளில் இரண்டு முறை வரும். ஒவ்வொன்றுக்கும் ஆறு மணி நேரம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும். ஓத அட்டவணை தரும் செயலிகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் அவை சொல்வது கடற்கரை நேரம். காயலின் உள்பக்கம் போகப் போக ஏற்றம் தாமதமாகத்தான் வந்து சேரும். எவ்வளவு தாமதம் என்பதை அந்தந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு நீங்களே குறித்துக்கொள்ள வேண்டும்.

மடவையைப் பார்க்கச் சிறந்தது ஏற்றத்தின் முதல் பாதி. வெயிலில் காய்ந்த சேற்றுத்திட்டின் மேல் தண்ணீர் ஏற ஏற, அதன் விளிம்போடு மீனும் ஏறி வரும். புதிதாக மூழ்கிய சேற்றின் மேல்தோலில்தான் பாசி அடர்த்தி. முதுகு வெளியே தெரியும் அளவு ஆழம் குறைந்த இடத்துக்கும் தைரியமாக வந்துவிடும். வற்றத் தொடங்கியதும் ஓடைவழியே இறங்கிப் போகும். அந்த இறங்குவழியில்தான் வலைக்காரர்கள் காத்திருப்பார்கள்.

கரையில் நின்று பார்ப்பது

காலையில் மேற்குக் கரை, மாலையில் கிழக்குக் கரை என்று வெயில் எதிரே அடித்தால் தண்ணீர் பளபளத்துக் கண் கூசும், ஒன்றும் தெரியாது. வெயில் முதுகில் அடிக்கும்படி நின்றாலோ உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்து மீனைக் கலைக்கும். வெயில் ஒரு தோளின் மேல் சாய்வாக விழும்படி நில்லுங்கள். பளபளப்பை வெட்டும் போலராய்டு கண்ணாடி இருந்தால் வித்தியாசம் உடனே தெரியும். இந்தப் பொழுதுபோக்குக்குச் செலவு செய்ய வேண்டிய ஒரே பொருள் அதுதான். வெள்ளைச் சட்டை வேண்டாம். கரைமண்ணில் தொப்தொப்பென்று நடக்க வேண்டாம்.

வீச்சுவலைக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைத்தால் புத்தகமே வேண்டாம். பழவேற்காட்டில் ஒரு பெரியவர், வலையை முழங்கையில் மடித்துப் போட்டு, ஓரத்து ஈயக்குண்டு வரிசையைப் பல்லில் கடித்தபடி இடுப்பளவு நீரில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். "எதைப் பாத்துண்ணே வீசுவீங்க?" என்று கேட்டேன். கடித்ததை விடாமலே, "தண்ணியப் பாரு தம்பி, மீனப் பாக்காத" என்றார். காற்றில் எழும் சிற்றலை எல்லாம் ஒரே பக்கம் போகும். அதற்கு நடுவில் ஓரிடத்தில் மட்டும் நீர் நடுங்கி, எதிர்ப்பக்கமாகவோ குறுக்காகவோ சுருங்கி நகரும். அடியில் கூட்டம் திரும்புகிறது என்று பொருள். அவர் வீசியது அந்த நடுக்கத்தின் மேல் அல்ல. அது போகும் திசைக்கு ஓர் ஆள் நீளம் முன்னால்.

நீங்கள் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இன்னும் சில. தெளிந்த நீரில் ஆங்காங்கே சிறு புகைபோலச் சேறு கிளம்பினால் கீழே மேய்ச்சல் நடக்கிறது. தலையைக் கீழே சாய்த்து, உடலைச் சரிவாக நிறுத்தி, வாயால் தரையை வழித்துக்கொண்டு போகும். விலா திரும்பும்போது ஒரு கணம் வெள்ளி மின்னும். நீர் வற்றியபின் அதே இடத்துக்குப் போனால் சேற்றின் மேல்தோலில் ஆழமில்லாத சுரண்டல் தடங்கள் தெரியும். பச்சையும் பழுப்புமான பாசிப்படலம் அங்கே மட்டும் உரிந்து, அடியில் உள்ள சாம்பல் சேறு வெளியே வந்திருக்கும். காற்றடிக்காத காலைகளில் வேறொரு பழக்கத்தையும் பார்க்கலாம். கூட்டமாக மேலே வந்து, நீர்ப்பரப்பில் ஒதுங்கிய நுரையையும் பாசிப் படலத்தையும் வாயைத் திறந்து திறந்து உறிஞ்சும். எட்டிக் கேட்டால் மெல்லிய சப்பும் சத்தம்கூட வரும்.

பறவைகள் உங்களுக்கு வழிகாட்டும். கொக்கும் நாரையும் வரிசையாக நின்றால் குஞ்சு மடவை ஓரத்தில் இருக்க வாய்ப்புண்டு. கூழைக்கடாக்கள் கூட்டமாகச் சேர்ந்து மீனை ஓரத்துக்குத் தள்ளி அள்ளுவதைப் பழவேற்காட்டில் குளிர்காலத்தில் பார்க்கலாம். தண்ணீருக்கு அடியில் கொடுவாய் இருக்கும்.

துள்ளலைப் படிப்பது

மடவை ஏன் துள்ளுகிறது என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டு வகைத் துள்ளல் பிரிந்து தெரியும். ஒன்று, பல மீன்கள் ஒரே சமயத்தில் விசிறியடித்தாற்போல் எழும்பி, அம்பாக நீருக்குள் நுழைவது. கீழே ஏதோ துரத்துகிறது. கொடுவாயோ வலையோ படகின் நிழலோ. இன்னொன்று, தனியாக ஒரு மீன் நிதானமாக எழும்பி, விலாவோ முதுகோ பட 'சொத்'தென்று விழுவது. சில வினாடி விட்டு மறுபடியும், இன்னொரு முறையும் துள்ளும். துரத்துவதற்கு எதுவும் இருக்காது.

இந்த இரண்டாவது வகைக்கு ஹோஸ் என்ற ஆய்வாளர் 1985இல் ஒரு விளக்கம் சொன்னார். தொண்டையின் மேற்பக்கத்தில் காற்றைப் பிடித்துவைக்கும் இடம் மடவைக்கு உண்டு. உயிர்வளி குறைந்த சேற்றுநீரில் மேயப் போகுமுன் துள்ளிக் காற்றை நிரப்பிக்கொள்கிறது என்பது அவர் கருத்து. உடலில் ஒட்டிய உண்ணிகளை உதறத்தான் என்பாரும் உண்டு. எனக்கு முதல் விளக்கம் பிடித்திருக்கிறது. புழுக்கமான, காற்றில்லாத மாலைகளில் துள்ளல் கூடுவதற்கு அது பொருந்தி வருகிறது. நீங்களே சோதிக்கலாம். ஒரே இடத்தில் கால்மணி நேரம் நின்று, தனித்துள்ளல்களை மட்டும் எண்ணி, வெயில், காற்று, ஓதம் மூன்றையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஒரு பருவம் இப்படி எழுதினால் உங்கள் ஊர்க் கழியைப் பற்றி உங்களுக்கே ஒரு கருத்து உருவாகிவிடும்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். துள்ளல் அதிகம் இருப்பதால் நீர் நல்ல நீர் என்று நினைக்காதீர்கள். சாக்கடை கலக்கும் அடையாற்று முகத்துவாரத்திலும் மடவை துள்ளும்.

தூண்டில் போட விரும்பினால்

மடவைக்குத் தூண்டில் போடுவது பொறுமைசாலிகளின் வேலை. மண்புழுவையும் இறாலையும் அது பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்க்காது. மாவுப்பண்டம்தான் சரி: ரொட்டியின் வெள்ளைப் பகுதியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உருட்டியது, அல்லது மைதாவைக் கொஞ்சம் பஞ்சோடு பிசைந்தது. பஞ்சு சேர்த்தால் சீக்கிரம் கரையாது.

முள் சிறியதாக இருக்கட்டும். வாய் எவ்வளவு சிறியது என்று கடையில் பார்த்தீர்களே. நரம்பு மெல்லியது, தக்கை இலேசானது. போட்டவுடன் கடிக்கும் என்று நினைக்காதீர்கள். முதலில் அரைமணி நேரம் நனைந்த ரொட்டித் துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். கூட்டம் வந்து சப்பத் தொடங்கியபின், அந்தத் துகள்களுக்கு நடுவே உங்கள் உருண்டையை இறக்குங்கள். தக்கை முங்காது, நடுங்கும், பக்கவாட்டில் நகரும். நகர்ந்தவுடன் மணிக்கட்டை மட்டும் மெல்லச் சுண்டுங்கள். வெடுக்கென்று இழுத்தால் உதடு கிழிந்து மீன் போய்விடும். மாட்டியபின் பெரிய மடவை நன்றாகவே சண்டை போடும். தூக்கி எடுக்க ஒரு கைவலை இல்லாவிட்டால் கரையோரத்தில் இழப்பீர்கள்.

வீச்சுவலை கற்கப் பல நாள் பிடிக்கும். ஆளிடம்தான் கற்க வேண்டும், படித்து வராது.

பருவம்

மடவை கழியில் வளர்ந்தாலும் முட்டையிடக் கடலுக்குத்தான் போகும். மூன்று வயதை ஒட்டிப் பக்குவமாகும். நம் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, ஆற்றுவெள்ளம் மணல்திட்டை உடைத்து முகத்துவாரத்தைத் திறக்கும் ஐப்பசி, கார்த்திகையில் சினைமீன்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறும். ஒரு பெரிய பெண்மீன் பத்து லட்சத்தை ஒட்டிய முட்டைகளை இடும். மிதக்கும் முட்டைகள், இரண்டு நாளுக்குள் பொரிந்துவிடும். பிழைத்த குஞ்சுகள் ஓரங்குலமாகி மார்கழி, தை மாதங்களில் திரும்பி உள்ளே வரும். அப்போது கழியின் ஓரத்தில் கணுக்கால் நீரில் நின்றால் வெள்ளி ஊசிகளாகக் கூட்டம் உங்கள் காலைச் சுற்றிப் பிரிந்து போகும்.

வெளியேறும் அந்தச் சில வாரங்களில் முகத்துவாரத்தையே அடைத்து வலை கட்டுவதும் நடக்கிறது. கொழுத்த மீன், நல்ல விலை, ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் இத்தனை நாள் கழி முழுக்கச் சிதறிக் கிடந்த மீன் ஒரே வாசலில் குவியும்போது மொத்தமாக அள்ளுவது அடுத்த தையின் குஞ்சை இன்றே விற்பதுதான். வாங்குபவரும் இதில் ஒரு பங்காளி. மழைக்காலத்தில் ஒன்றிரண்டு முறை சினைமடவை வாங்கலாம், வாரந்தோறும் வேண்டாம் என்பது என் வீட்டு ஏற்பாடு.

வாங்குவதும் சமைப்பதும்

சேற்றைத் தின்னும் மீனின் சுவை அது மேய்ந்த சேற்றைப் பொறுத்தது. ஆகவே கடையில் முதல் கேள்வி "எப்பப் பிடிச்சது?" அல்ல, "எங்கப் பிடிச்சது?" முகத்துவாரத்துக்கு அருகில், ஓதம் அலசும் இடத்தில் பிடித்த மீன் மணக்கும். தேங்கிய குளத்து மீனில் மண்வாடை இருக்கும். நகரத்துச் சாக்கடையோ ஆலைக்கழிவோ சேரும் கழியில் பிடித்ததென்று தெரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். எண்ணெய் வாடை வரும் மடவையை எந்தப் புளியும் காப்பாற்றாது, உடம்புக்கும் ஆகாது.

புதுமீனா என்று பார்க்கக் கண்ணை நம்ப வேண்டாம். கண்மேல் உள்ள சவ்வு மங்கி ஏமாற்றும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்கவேண்டும். வயிற்றை அழுத்திப் பாருங்கள். உள்ளே சேறு இருப்பதால் மடவையின் வயிறு மற்ற மீன்களைவிடச் சீக்கிரம் தளரும். தொளதொளத்திருந்தால் வேண்டாம். கொழுப்பு மீன் என்பதால் அன்றே சமைத்துவிடுவது நல்லது. உறைபெட்டியில் வாரக்கணக்கில் வைத்தால் காறல் ஏறும்.

சுத்தம் செய்யும்போது குடல் கிழியாமல் எடுக்கச் சொல்லுங்கள். கிழிந்தால் சேறு சதையில் பரவும். பிறகு அந்தக் கரிய உட்தோல். வாடைக்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள்; கடையில் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். கல்லுப்பை வைத்துத் தேய்த்தால் விரலோடு உரிந்து வரும். முதுகெலும்பை ஒட்டிய இரத்தக்கோட்டையும் நகத்தால் கீறி எடுத்துவிடுங்கள். மஞ்சளும் புளித்தண்ணீரும் விட்டு ஒரு முறை அலசினால் போதும்.

குழம்புக்குப் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். கொழுப்பை அதுதான் ஈடுகட்டும். மிளகும் பூண்டும் தட்டிப்போட்டால் நன்றாகச் சேரும். தேங்காய்ப்பால் இந்த மீனுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம், எங்கள் வீட்டிலேயே இதற்கு மறுப்பு உண்டு. வறுக்க நினைத்தால் முழுமீனாக, விலாவில் கீறி, எண்ணெய் குறைவாக விட்டு வறுங்கள். மீன் தன் கொழுப்பிலேயே வேகும்.

சினை இருந்தால் அதைத் தனியாக எடுத்துவிடுங்கள். இரண்டு நீள மஞ்சள் பைகள். இத்தாலியின் சார்டீனியாவிலும் ஜப்பானிலும் தைவானிலும் இதையே உப்பிட்டு அழுத்திக் காயவைத்து, தங்க விலைக்கு விற்கிறார்கள். நமக்கு மஞ்சள், மிளகாய், உப்பு போதும். தோல் கிழியாமல் மசாலா தடவி, ஊசியால் நான்கைந்து இடத்தில் குத்திவிட்டுத் தோசைக்கல்லில் சிறு தீயில் போடுங்கள். குத்தாமல் போட்டால் வெடிக்கும். மூடி ஒன்று கையில் இருக்கட்டும்.